கயிற்றின் கடைசியில் நின்ற பிள்ளைகள்

புத்தளம் மாவட்டக் கரையில் கலை கற்பித்த மிகப் பழைய இடம் கரைவலைத் துறை. சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, மாம்புரி, தலவில் என்று கற்பிட்டி முனைவரை நீளும் மணற்கரை அது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அங்கேதான் பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போனது. அதற்கென்று வகுப்பறை இருக்கவில்லை. மணி அடித்துத் தொடங்கியதும் இல்லை, சான்றிதழ் கொடுத்து முடித்ததும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே கயிற்றைப் பிடித்து நின்றார்கள். கலைக்கல்வி எல்லா வயதினருக்கும் தேவை என்பதை இன்று கல்வியாளர்கள் விளக்கி எழுதவேண்டியிருக்கிறது. 1970களில் உடப்பில் சிறுவராக இருந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இக்கட்டுரையாளரும் அவர்களில் ஒருவர்.

கொழும்பு–புத்தளம் வீதியில் பத்துளு ஓயாவில் பிரியும் பாதை மேற்கே போய்ச் சேரும் தமிழ் மீனவர் ஊர் உடப்பு. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. முன்னோர் இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியேறி வந்தவர்கள் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. ஊரின் தொழில் நாட்காட்டியைக் காற்றுதான் எழுதுகிறது. ஏறத்தாழ ஐப்பசியிலிருந்து பங்குனிவரை மேற்குக் கடல் அமைதியாக இருக்கும், கரைவலை இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் வலை வாடிக்குள் போய்விடும். கடல் மூடிக்கிடக்கும் அந்த மாதங்களில்தான் ஆடி வரும், திரௌபதையம்மன் திருவிழா வரும், பாரதப் படிப்பு வரும். ஆறு மாதம் பாட்டு, பிறகு கதை என்று ஒழுங்கு செய்ததுபோல ஓர் ஆண்டு முடியும். எந்தப் பாடசாலை நேரசூசியும் இதைவிட நன்றாக அமைந்ததில்லை.

கரைவலை இழுப்பது பொறுமையான வேலை. தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். இரண்டு கயிற்று முனைகளும் கரையில் இரண்டு கூட்டத்தாரிடம் இருக்கும். இரண்டு அணியும் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடக்க நடக்க வலை கரைக்கு வரும். நேரம் போகப்போக இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி, கடைசியில் மீன் சேரும் வலையின் மடி கரை தட்டும்போது ஒரே கூட்டமாகிவிடும். இத்தனை பேருடைய பலமும் ஒரே கணத்தில் கயிற்றில் விழவேண்டும். அதைச் செய்து கொடுப்பது பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வாங்கும் இடத்தில் இழுப்பு விழும். வலை ஆழத்தில் கிடக்கும்போது பாட்டு இழுத்து நடக்கும். மடி அலைவாய்க்கு வந்துவிட்டால் அடிகள் குறுகும், மூச்சும் குறுகும், தாளம் ஓட்டமெடுக்கும்.

பிள்ளைகளுக்குக் கயிற்றின் கடைசி இடம். இழுத்த கயிறு வந்து சுருண்டு விழும் பக்கம் அது. அவர்களுடைய பலத்தால் வலைக்கு ஆவது ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் விரட்டமாட்டார்கள். பழைய தும்புக் கயிறு உப்பில் ஊறி முறுக்கேறியிருக்கும். நார் உள்ளங்கையில் குத்தும். முதல் நாள் தோல் சிவக்கும், மூன்றாம் நாள் கொப்பளிக்கும். வலிக்கிறது என்று ஒரு கணம் தவறி இழுத்தால் கயிறு உதறிக் கையைச் சுண்டும். அந்த உதறல்தான் வாத்தியார். யாரும் திட்டுவதில்லை, யாரும் சரி சொல்வதுமில்லை. தாளத்தோடு இழுத்தால் கயிறு மெத்தென்று வரும். தாளம் தப்பினால் சுண்டும். பிழை எது, சரி எது என்பதை மாணவனே தன் கையில் உடனுக்குடன் உணரும் இப்படியொரு கற்பித்தலைப் பிற்காலத்தில் எந்தச் சங்கீத வகுப்பிலும் இக்கட்டுரையாளர் காணவில்லை.

அடியெடுத்துக் கொடுப்பவர் வரியை மாற்றிப் போடுவார். சாமி பெயரில் தொடங்கும் பாட்டு, நடுவே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் கஞ்சத்தனத்துக்குப் போகும், மீன் இல்லாத நாளின் பசிக்குப் போகும், புது மாப்பிள்ளை ஒருவரின் தூக்கக் கலக்கத்துக்கும் போகும். சம்மாட்டியார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டில் சொன்னதற்குக் கோபிப்பது வழக்கமில்லை. நேரே சொல்ல முடியாததைப் பாட்டில் வைத்துச் சொல்லலாம் என்ற பாடம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது. கலை எதற்கு என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை இல்லை. ஒரு நாள் நடுவரிசையில் நின்ற இளைஞன் ஒருவன் திடீரென்று ஓர் அடியை எடுத்தான். முன்னால் பாடிக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வாயை மூடிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து அந்த அடியை வாங்கிப் பாடினார். அந்தப் பையனுக்கு நடந்த அரங்கேற்றம் அவ்வளவுதான்.

பாரதப் படிப்பு இன்னொரு வகை வகுப்பு. பார்த்தசாரதியும் திரௌபதையம்மனும் எழுந்தருளியிருக்கும் கோயிலில் ஆடித் திருவிழா 18 நாள் நடக்கும். பாரதப் போரும் 18 நாள் நடந்தது. கடைசியில் தீமிதிப்பு. இடைப்பட்ட நாள்களில் கதை முறையாக நகரும்: திருக்கல்யாணம், வனவாசம், அருச்சுனன் தபசு. ஒருவர் பாட்டை இராகமெடுத்துப் படிப்பார், மற்றவர் பொருள் சொல்வார். படிப்பவருக்கு எழுத்து தெரியவேண்டும், கேட்பவருக்குத் தெரியவேண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகள் அடுத்த அடி என்னவென்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பதை இக்கட்டுரையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பொருள் சொல்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பின்வரிசையிலிருந்து ஒரு செருமல் வரும். அவர் திரும்பிப் போய் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வருவார்.

துகில் உரியும் இரவில் ஊர் அழும். ஆண்டுதோறும் கேட்ட கதை, முடிவு தெரிந்த கதை, ஆனாலும் அழும். ஆறு வயதில் அந்தக் கதை கேட்டவனுக்குத் துச்சாதனன் மேல் கோபம் வரும். இருபதில் கேட்டபோது சபையில் வாய் மூடியிருந்த பெரியவர்கள் மேல் வந்தது. ஐம்பதில் கேட்கும்போது அந்தச் சபையில் தானும் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கூச்சம் வருகிறது. ஒரு கலையை ஒரே வயதில் ஒரு தடவை கற்றுவிட்டு முடித்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது போதும். கதை ஒன்றுதான், கேட்பவரின் வயது ஒவ்வொரு முறையும் வேறு பாடத்தை எடுத்துக்கொடுக்கிறது.

கத்தோலிக்கக் கரையூர்களில் இதே வேலையை நாட்டுக்கூத்து செய்தது. அண்ணாவியார் ஒருவர் ஒரு பருவம் முழுக்க ஊரை ஆட்டிப் பழக்குவார். புதிதாக வந்த பையன் கட்டியகாரனுக்குப் பின்னால் நிற்பான். குரலும் உயரமும் வந்ததும் இளவரசனாவான். நரை விழுந்ததும் அரசனாவான். கால் தளர்ந்ததும் பிற்பாட்டுக்கு வந்து உட்காருவான். ஒரு மனிதனின் ஆயுள் முழுவதற்கும் ஒரே கூத்தில் இடம் இருந்தது. இயேசு பாலனைத் தேடி வந்த மூவிராசாக்களின் கதை இப்படி மன்னாரிலும் கூத்தாக ஆடப்பட்டது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை 1966இல் பதிப்பித்தார். அதே கதையைச் சிங்களத்தில் நாடகமாக எழுதியவர் சிலாபத்தைச் சேர்ந்த காபிரியேல் பெர்னாண்டோ என்று நாடக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தமிழ்க் கூத்து சிங்களத்துக்குப் போய் ‘நாடகம’ ஆன வழியில் சிலாபக் கரைக்கும் பங்குண்டு. அந்த நாடகம மரபைக் கையிலெடுத்து எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’யை மேடையேற்றினார். அதைப் பார்த்த பிறகு வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக்கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆடக் கற்பித்தவர்கள் கிராமத்து அண்ணாவிமார். கல்வி மேலிருந்து கீழேதான் இறங்கும் என்ற எண்ணத்தை அந்த ஒரு காட்சி உடைத்தது.

சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கரையில் 20ஆம் நூற்றாண்டில் பாடசாலை மொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுமொழியும் பல ஊர்களில் மாறிவிட்டது. இந்த மாற்றத்தில் கடைசிவரை நின்றவை பாட்டும் ஒப்பாரியும். பேச மறந்தவர்களும் பாட மறக்கவில்லை.

புத்தளம் நகருக்கு அருகே உள்ள சிறாம்பியடியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஐரோப்பியர் ஆட்சியில் படைவீரர்களாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் பாடும் மாஞ்சா போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தது. இன்று அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்ல இளையவர்களால் முடிவதில்லை, ஆனாலும் பாடுகிறார்கள். அவர்களுடைய வாத்தியங்களைப் பார்த்தால் குசினியைத் திறந்துவைத்ததுபோல இருக்கும்: சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல், கூடவே றபான் என்ற பறை. பாட்டு மெதுவாக, கிட்டத்தட்டத் தயங்கியபடி தொடங்கும். கரண்டி போத்தலில் விழும் ஓசை ஒன்று, அதன்மேல் சிரட்டை ஒன்று என்று ஏறி ஏறி, முடிவில் உட்கார்ந்திருப்பவர்களால் உட்கார்ந்திருக்க முடியாமல் போகும். அம்பாவும் இப்படித்தான் தயங்கித் தொடங்கி ஓடி முடிகிறது. இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை. கூடிப் பாடும் மனிதர்களின் மூச்சு எங்கும் ஒரே வழியில்தான் ஏறுகிறதுபோலும். மாஞ்சாவில் பாட்டி தொடங்க மகளும் பேத்தியும் பிடித்துக்கொள்வார்கள். பொருள் தெரியாத சொல்லையும் சரியான தாளத்தில் உச்சரிக்கும் பேத்தியிடம், தன் முன்னோர் யார் என்ற செய்தி வேறு எந்த வழியிலும் வந்திருக்காது.

பெண்களின் கலைக்கல்வி வீட்டு முற்றத்தில் நடந்தது. புத்தளம் தென்னைக்குப் பேர்போன மாவட்டம். ஓலையை இரண்டாகப் பிளந்து, களப்பு நீரில் ஊறப்போட்டு, மெதுவானதும் கிடுகாகப் பின்னுவார்கள். தாய் ஒரு முனையில் தொடங்கினால் மகள் எதிரே குந்தியிருந்து மறு முனையில் பின்னிக்கொண்டு வருவாள். ஓர் ஈர்க்கு மேலே, அடுத்தது கீழே. எண்ணிக்கை தவறினால் நாலு விரல்கடை தள்ளித்தான் கோணல் தெரியும். அப்போது அவிழ்க்கவேண்டும். எங்கே தவறியது என்று பின்னோக்கித் தேடிப் போகும் பழக்கம் அந்தச் சிறுமிகளுக்கு எட்டு வயதிலேயே வந்தது. இதைக் கைத்தொழில் என்பார்கள், கலை என்று சொல்லத் தயங்குவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பொற்கொல்லரையும் பாய் நெய்பவரையும் ஓவியரோடு ஒரே வரிசையில் வைத்துத்தான் எழுதினார். அந்த வரிசையே நியாயமானது.

அரச பாடசாலைக்குள் கலை பாடமாக வந்த கதை தனி. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் அழகியற் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கியது. சித்திரமோ சங்கீதமோ நடனமோ படிக்காமல் ஒரு பிள்ளை வெளியேற முடியாது என்ற நிலை நாட்டின் எல்லாப் பாடசாலைகளுக்கும் முதன்முறையாக வந்தது. அதே சீர்திருத்தம் ‘தொழில் முன்னிலைப் பாடம்’ என்று ஒன்றையும் கொண்டுவந்தது. பாடசாலையைச் சுற்றியுள்ள தொழிலை, அது மீன்பிடியோ மட்பாண்டமோ பாய் இழைப்பதோ, மாணவர் முறையாகப் படிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். கரையோரப் பிள்ளைகளைப் பொறுத்தவரை வகுப்பறைக்கும் கரைவலைக்கும் நடுவே ஒரு கதவு திறந்த காலம் அது. 1977இல் ஆட்சி மாறிய பின் அந்தப் பாடம் கைவிடப்பட்டது. பெற்றோரில் பலருக்கும் அதில் பிடிப்பு இருக்கவில்லை. வலையிலிருந்து மீளத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் மூடப்பட்ட கதவு மூடப்பட்டதுதான்.

அழகியல் நிலைத்தது. இன்று தரம் 6 முதல் 9 வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற நான்கில் ஒன்றைப் பிள்ளை எடுக்கவேண்டும். தரம் 10இல் அது தொகுதிப் பாடங்களில் ஒன்றாகிவிடுகிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கலைக்கல்வியும் முடிந்தது. பதினாறு வயதோடு கதவு சாத்தப்படுகிறது.

அந்தப் பதினாறு வயதுக்குள் கிடைப்பதும் ஆசிரியரைப் பொறுத்தது. இக்கட்டுரையாளர் படித்த பாடசாலைகளில் ஒன்றில் சித்திரப் பாடவேளை பெயரளவுக்கே இருந்தது. கணித ஆசிரியர் வந்து அந்த நேரத்தை எடுத்துக்கொள்வார். அவர் வராத நாளில் சித்திரக் கொப்பியைத் திறந்து, வெண்கட்டியால் பலகையில் வரைந்த பூச்சாடியைப் பார்த்து எல்லாரும் வரையவேண்டும். நாற்பது கொப்பியில் நாற்பது பூச்சாடி. அந்த ஊரில் எந்த வீட்டிலும் பூச்சாடி இருக்கவில்லை. ஒரு முறை புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய், வாடிக்கு முன்னால் கவிழ்த்துவைத்த தோணியைக் காட்டி, “இதன் நிழலை மட்டும் வரையுங்கோ, தோணியை வரையவேண்டாம்” என்றார். மணலில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் அந்த நிழலைப் பார்த்தபோது அது கறுப்பில்லை என்று தெரிந்தது. ஓரத்தில் நீலம், நடுவில் மண்ணின் மஞ்சள், அணியத்தின் அடியில் ஊதா. பிறந்ததிலிருந்து பார்த்த தோணி அது. பார்க்கக் கற்றது அன்றைக்குத்தான். அந்த ஆசிரியை இரண்டாம் தவணையோடு மாற்றலாகிப் போனார். அவர் கற்பித்தது போகவில்லை.

சித்திரத்தை இப்படிச் சூழலிலிருந்து கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் இலங்கைக்குப் புதிதில்லை. 1920களில் சித்திர வித்தியாதிகாரியாக இருந்த வின்சர், பிரதி பண்ணும் வழக்கத்தை விட்டுப் பிள்ளை தன் கண்ணால் பார்த்து வரையவேண்டும் என்று பாடசாலைகளைத் திருப்ப முயன்றார். அவர் பெயரில் 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஓவியக் கழகத்தில் சேர்ந்து வரைந்தவர்களில் பலர் ஏற்கனவே ஆசிரியர்களாக இருந்தவர்கள். கற்பிப்பவர்கள் தாங்களும் கற்கவேண்டும் என்று ஒன்றுகூடிய இடம் அது. சங்கீதத்தில் இதே கொள்கையை 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை வேறு வழியில் கொண்டுவந்தது. அதன் பரீட்சைகள் வகுப்பின்படி நடப்பதில்லை, தரத்தின்படி நடக்கின்றன. முதலாம் தரத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையும் இருக்கலாம், மூன்று பிள்ளைகளின் தாயும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே வினாத்தாள். இப்படி ஏறிப்போனால் கலாவித்தகர் பட்டம்வரை போகலாம். வயதைக் கேட்காமல் தரத்தைக் கேட்ட அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், வேலைக்குப் போன பிறகு வீணையை எடுத்த எத்தனையோ பேர் எடுக்காமலே இருந்திருப்பார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெருந்தொகையினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். கடல்வழியாக வந்தவர்களும் உண்டு. தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மாவட்டத்தில் ஏற்கனவே இருந்த மக்களும் தண்ணீரையும் பாடசாலையையும் நிலத்தையும் அவர்களோடு பகிரவேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் ஒரு முகாமில் சில ஆசிரியர்கள் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கடதாசியும் நிறக்கட்டிகளும் கொடுத்து வரையவிட்டார்கள். இக்கட்டுரையாளரும் சில நாள் போய் உதவினார். என்ன வரையவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டை வரைந்தார்கள். கொட்டிலை வரையவில்லை, ஓட்டு வீடு, கிணறு, மதில், முன்னால் ஒரு சைக்கிள். நாலு வயதில் விட்டு வந்தவர்களும் அதையே வரைந்தார்கள், பெரியவர்கள் சொல்லக் கேட்டு.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு முதியவர் வந்து ஓரமாக நின்று பார்த்தார். தலையில் தொப்பி, கையில் பீடி. ஒரு கடதாசி கேட்டார். தரையில் உட்கார்ந்து அடிமட்டம் வாங்கிக் கோடு போட்டார். அது படமாக வரவில்லை. ஓர் ஒழுங்கையின் வரைபடமாக வந்தது: இடப்பக்கம் பள்ளிவாசல், வலப்பக்கம் ஒரு தையற்கடை, பிறகு ஒவ்வொரு வீடாக, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இரண்டு பின்னேரம் எடுத்தது. முடித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “உங்கட உம்மாவின்ர வீடு இது, வாப்பாட கடை இது” என்று விரல்வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு பிள்ளைகள் வரைந்த வீடுகளுக்கு அயல்வீடுகள் வந்தன, தெரு வந்தது. அந்தக் கிழவருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பு தேவைப்பட்டது.

1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இந்த அனுபவத்தையே ஓர் ஒழுங்கான திட்டமாகச் செய்தது. போரில் அடிபட்ட பிள்ளைகளைத் தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து ஒன்றாக அழைத்துவந்து, களிமண், நிறம், கதை, நாடகம் என்று நேரம் கொடுத்தார்கள். அங்கே முதல் வேலை கேள்வி கேட்காமல் இருப்பது. பேச முடியாததைப் பிள்ளை கையால் செய்யும். பேச்சு பிறகு வரும். அம்பாவில் சம்மாட்டியாரிடம் சொல்ல முடியாததைப் பாட்டில் சொன்ன வலைக்காரனுக்கும் இது தெரிந்ததுதான்.

இப்போது கரையில் வலை இழுக்கும் விதம் மாறிவிட்டது. உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை கயிற்றைச் சுற்றி இழுத்துக்கொள்கிறது. இருபது முப்பது பேர் செய்த வேலைக்கு மிகச் சிலர் போதும். முதுகு ஒடிய இழுத்தவர்களுக்கு அந்த இளைப்பாறல் நியாயமானது. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இயந்திரத்துக்கு மூச்சு வாங்கவேண்டியதில்லை, ஆகவே பாட்டும் வேண்டியதில்லை. அம்பா மேடைக்குப் போய்விட்டது. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் ஊர் விழாக்களிலும் மாணவர்கள் சாரம் கட்டி, தலைப்பாகை சுற்றி, இல்லாத கயிற்றை இழுத்துப் பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள். வலயத்தில் வென்று மாகாணத்துக்கும் போகிறார்கள்.

மேடை அம்பாவுக்கு நேரக்கட்டு உண்டு. அடி மாறாது, ஒத்திகையில் எது வந்ததோ அதுவே மேடையிலும் வரும். யாரும் நடுவரிசையிலிருந்து புது அடியை எடுப்பதில்லை. எடுத்தால் புள்ளி போய்விடும். பிள்ளைகளுக்குப் பாட்டு கிடைக்கிறது, பாட்டைக் கட்டும் வித்தை கிடைப்பதில்லை. உள்ளங்கையில் கயிறு உதறாதபோது தாளம் தப்பியதை நடுவர்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இதற்குப் பரிகாரம் போட்டியை நிறுத்துவது இல்லை. போட்டி இல்லாவிட்டால் இந்தப் பாட்டின் பெயர்கூடப் பல பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிருக்கும். செய்யவேண்டியது, பழக்கும் இடத்துக்குப் பாடத் தெரிந்த பெரியவர்களைக் கூப்பிடுவது. ஆசிரியப் பயிற்சி இல்லாதவர் எப்படி வகுப்புக்குள் வரலாம் என்று கேட்கவேண்டியதில்லை. பேராதனைக்குள் அண்ணாவிமார் வந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டது.

இன்னொன்றும் செய்யலாம். பாடசாலை மண்டபம் மாலை நாலு மணிக்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது. சித்திர அறையின் மேசையும் சங்கீத அறையின் சுருதிப்பெட்டியும் உள்ளே இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை அதைத் திறந்து ஊருக்கு விட்டால், பதினாறு வயதோடு நின்றுபோனவர்களும், அந்த வயதுவரையே படிக்கக் கிடைக்காதவர்களும் வருவார்கள். கிடுகு பின்னிய கை தூரிகை பிடிக்கும். பாரதம் கேட்டு வளர்ந்த காது இராகத்தைத் தவறவிடாது. சிறாம்பியடியின் பாட்டி ஒருவர் உடப்பின் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கரண்டியையும் போத்தலையும் வைத்து ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால், அந்த மாதத்துச் சங்கீத பாடம் நிறைவாக நடந்ததாகும். இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டியதில்லை.

உடப்பில் அடியெடுத்துப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயதாகிவிட்டது. அடுத்த ஐப்பசியில் கடல் அடங்கும்போது, இந்தக் கரையில் உள்ள பாடசாலை எதுவாயினும், அவர்களில் ஒருவரை வாடியிலிருந்து அழைத்துவந்து ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கட்டும். பிள்ளைகளின் கையில் ஒரு கயிற்றையும் கொடுக்கட்டும்.